பத்ம விருதுக்கு நம்ம ஊர்ல இருந்து யாரு? ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பேசியது

(ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணி தன்னார்வலர்கள் கூட்டத்தில், நம்ம அணித் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம். ஆனா கடைசி வரைக்கும் படிங்க சொந்தங்களே, கடைசியில நம்ம எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கு.)



வட்ட நிர்வாகிகளே, அண்ணன்களே, அக்காக்களே, எல்லையம்மன் கோயில் திண்ணையில உக்காந்து நாங்க என்னதான் பேசறோம்னு பாக்க வந்திருக்கிற ஆயாக்களே, எல்லாருக்கும் நன்றி. காத்து பலமா அடிக்குது. பின்னாடி இருக்கிறவங்களுக்கு கேக்கலன்னா கையத் தூக்குங்க.

என்னைய இங்க பாதி பேருக்கு தெரியும். இதே குப்பத்துல பொறந்தவன். எங்க தாத்தா கட்டுமரத்துல போனவர். அப்பா ஃபைபர் போட்டுல போறவர். நான் ஈ.சி.இ. படிச்சுட்டு, பகல்ல கம்பெனி வேலை, ராத்திரி கட்சி வேலை. போஸ்டர் டிசைன், ஹேஷ்டேக், பதிலடி. நம்ம எல்லாரும் பண்ற அதே வேலைதான்.

இன்னிக்கு நான் அரசியல் எதிரி யாரையும் திட்டப் போறதில்ல. விருது பத்தி பேசப் போறேன். விருதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். சொல்றேன்.

ஜனவரி 25 சாயங்காலம் ஒவ்வொரு வருஷமும் என்ன நடக்குது? பத்ம விருது பட்டியல் வருது. நம்ம வாட்ஸ்அப் குரூப் பரபரப்பாகுது. பத்து நிமிஷத்துல கார்டு ரெடி பண்ணணும். தலைவர் படம் பெருசா, விருது வாங்குனவர் படம் சின்னதா, கீழ 'வாழ்த்துகள்'. போட்டாச்சு. அடுத்த அரை மணி நேரத்துல கமெண்ட்ல சண்டை: 'அவருக்கு ஏன் குடுத்தாங்க, இவருக்கு ஏன் குடுக்கல?' நானும் அந்த சண்டையில கலந்துக்கிட்டவன்தான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் 'இவருக்கு ஏன் குடுக்கல'ன்னு எழுதியிருக்கேன்.

ஒரு நாள் ஒருத்தர் என்னைய திருப்பிக் கேட்டாரு: 'நீங்க அவரைப் பரிந்துரை பண்ணி அனுப்புனீங்களா தம்பி?' எனக்கு பதில் இல்ல. பரிந்துரைன்னு ஒண்ணு நம்மளால பண்ண முடியும்னே எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம்தான் உக்காந்து படிச்சேன். படிச்சதை அப்படியே சொல்றேன்.

1954 ஜனவரி 2-ஆம் தேதி இந்த விருதுகளை அறிவிச்சாங்க. பாரத ரத்னா எதுக்குன்னு அப்ப எழுதி வச்சது இதுதான்: கலை, இலக்கியம், அறிவியல் வளர்ச்சிக்கு செஞ்ச சிறப்பான தொண்டு, அப்புறம் மிக உயர்ந்த பொதுச்சேவை. 2011-லதான் 'மனித முயற்சியின் எந்தத் துறையும்'னு விரிவாக்குனாங்க. அதனாலதான் டெண்டுல்கருக்கு குடுக்க முடிஞ்சது.

அந்த முதல் வருஷம் பாரத ரத்னா வாங்குனது மூணு பேர். ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமன். மூணு பேருக்கும் பொதுவான ஒரு இடம் இருக்கு. மெரினா எதிர்ல இருக்கிற மாநிலக் கல்லூரி. ராஜாஜி அங்க சட்டம் படிச்சாரு, ராதாகிருஷ்ணன் அங்க பாடம் நடத்துனாரு, ராமன் அங்க இயற்பியல் படிச்சாரு. இதே கரையில, இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்.

ராமனைப் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும், ஏன்னா அது நம்ம குப்பத்துக்கு சம்பந்தப்பட்டது.

முதல் விஷயம். 1921-ல இங்கிலாந்துல இருந்து கப்பல்ல திரும்பி வர்றாரு. மத்தியதரைக் கடல் நீலமா இருக்கு. கடல் ஏன் நீலமா இருக்குன்னு அவருக்கு கேள்வி. அதுவரைக்கும் ராலே பிரபு சொன்னதுதான் பதில்: வானத்தோட நீலம் தண்ணியில பிரதிபலிக்குது. ராமன் கையில ஒரு சின்ன நிக்கல் பட்டகம் வச்சிருந்தாரு. அது வழியா பாத்து, மேல இருந்து வர்ற பிரதிபலிப்பை மட்டும் வெட்டிட்டாரு. அப்பவும் கடல் நீலமாத்தான் இருந்துச்சு. ஆக, நீலம் வானத்துக்கிட்ட கடன் வாங்குனது இல்ல, தண்ணி ஒளியை சிதறடிக்கிறதால வர்றதுன்னு அவர் சொன்னாரு. அந்தக் கேள்வி அவரை விடவே இல்ல. 1928 பிப்ரவரி 28 ராமன் விளைவு, 1930-ல நோபல். நம்ம தேசிய அறிவியல் தினம் அந்த பிப்ரவரி 28-தான்.

யோசிச்சுப் பாருங்க. கடலைப் பாத்து ஒரு கேள்வி கேட்டவருக்குத்தான் இந்த நாட்டோட முதல் அறிவியல் பாரத ரத்னா போயிருக்கு. தினமும் விடியக்காலை கடலைப் பாத்து கேள்வி கேக்கிறவங்க இங்க எத்தனை பேர் உக்காந்திருக்கீங்க?

ரெண்டாவது விஷயம் மிருதங்கம். பொதுவா தோல் கருவியில வர்ற சத்தம் சுத்தமான சுருதியா இருக்காது, இரைச்சலா இருக்கும். மிருதங்கம் எப்படி சுருதியோட பேசுது? 1920-லயே ராமன் இன்னொரு ஆய்வாளரோட சேர்ந்து அதை எழுதிட்டாரு. வலந்தலையில நடுவுல கறுப்பா வட்டமா ஒட்டியிருக்காங்களே, அந்த எடைதான் தோலோட அதிர்வை சுருதிக்கு கொண்டு வருது. இதை உலகத்துக்கு சொன்னது ராமன். சரி, அதை கண்டுபிடிச்சு செஞ்சது யாரு? சாதத்தையும் கிட்டான் கல்லுப் பொடியையும் பிசைஞ்சு, துளித் துளியா தேச்சு, தட்டித் தட்டிப் பாத்து ஒட்டினது யாரு? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல்னு எது எங்க போகணும்னு விரல்லயே கணக்கு வச்சிருந்தது யாரு? அவங்க பேரு எந்தக் கச்சேரி அழைப்பிதழ்லயும் வந்ததில்ல.

2020-ல டி.எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்றவங்களைப் பத்தி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'னு ஒரு புத்தகம் கொண்டு வந்தாரு. வெளியீட்டு விழா நம்ம பக்கத்துல இருக்கிற கலாக்ஷேத்ராவுல நடக்க வேண்டியது. கடைசி நேரத்துல அரங்க அனுமதியை திரும்ப வாங்கிட்டாங்க. விழா தரமணிக்கு மாறுச்சு. வாசிக்கிறவருக்கு பத்மபூஷண் உண்டு. செய்றவரைப் பத்தி பேச ஒரு ஹால் கிடைக்கிறதே கஷ்டமா இருந்துச்சு. சங்கீத நாடக அகாதமி விருதுல இசைக்கருவி செய்றவங்களுக்குன்னே ஒரு பிரிவு இருக்குங்கிறது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

கிருஷ்ணாவை நம்ம குப்பத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. 2015-ல இருந்து இதே கோயில் பக்கத்துல, குப்பத்து ஜனமும் வெளிய இருந்து வந்தவங்களும் சேர்ந்து நடத்துன விழாவுல பறையாட்டம், வில்லுப்பாட்டு, கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம் எல்லாத்தையும் மணல்ல உக்காந்து பாத்தோம். 2016-ல அவருக்கு மகசேசே விருது வந்துச்சு. அது பிலிப்பைன்ஸ்ல குடுக்கிறது, நம்ம அரசு விருது இல்ல. ஆனா அன்னிக்கு எங்க ஆயா சொன்னாங்க: 'நம்மூட்டு மணல்ல பாடுன புள்ளடா அது.' ஒரு விருது நம்ம தெரு வரைக்கும் வந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

இப்ப நடைமுறைக்கு வர்றேன்.

பத்மவிபூஷண், பத்மபூஷண், பத்மஸ்ரீ. இறந்தவங்களுக்கும் வெளிநாட்டவருக்கும் குடுக்கிறது போக, ஒரு வருஷத்துக்கு 120-க்கு மேல குடுக்கக் கூடாதுன்னு வரம்பு. பிரதமர் வருஷா வருஷம் ஒரு குழு அமைப்பாரு. தலைவர் கேபினட் செயலாளர். உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரோட செயலாளர், கூட நாலுல இருந்து ஆறு பிரமுகர்கள். அவங்க பரிந்துரை பிரதமருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போகும். முன்னாடி மாநில அரசு, அமைச்சகம், பெரிய மனுஷங்க இவங்கதான் பேரு அனுப்புவாங்க. இப்ப யாரு வேணா ஆன்லைன்ல அனுப்பலாம். தனக்குத்தானே கூட அனுப்பலாம். இனம், தொழில், பதவி, ஆண் பெண் எந்த வித்தியாசமும் இல்ல. 2026 விருதுக்கு 2025 மார்ச் 15-ல திறந்தாங்க, ஜூலை 31 கடைசி தேதின்னு அறிவிச்சாங்க.

என்ன எழுதணும்? அவர் செஞ்ச சாதனையை 800 சொல்லுக்குள்ள. அவ்வளவுதான்.

இதுல ரொம்ப முக்கியமான ஒரு விதி: பொதுவா உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான். இறந்த பிறகு ரொம்பத் தகுதியான சிலருக்குத்தான் குடுப்பாங்க. இதை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வர்றேன்.

இன்னொண்ணு, நம்ம டிசைன் பண்ற பசங்களுக்காக. பத்மஸ்ரீ, பாரத ரத்னா இதெல்லாம் பட்டம் இல்ல. அரசியலமைப்பு 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழிச்சாச்சு. 1977-ல மொரார்ஜி அரசு இந்த விருதுகளையே நிறுத்துச்சு, 1980-லதான் திரும்ப வந்துச்சு. அப்புறமும் வழக்கு போய், 1995 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது: விருது குடுக்கலாம், ஆனா பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ அடைமொழியா போடக் கூடாது. நம்ம போஸ்டர்ல எத்தனை தடவை 'பத்மஸ்ரீ' போட்டு பேரு எழுதியிருக்கோம்? நானும் எழுதியிருக்கேன். இனிமே வேணாம். பாராட்டுறோம்னு நெனச்சு தப்பா பாராட்ட வேணாம்.

சரி, 'இதெல்லாம் லாபி தம்பி, டெல்லியில ஆளு வேணும்'னு சொல்றவங்க இருக்கீங்க. முழுசா மறுக்க மாட்டேன். கடைசி முடிவு நம்ம கையில இல்ல. ஆனா சமீபத்து பட்டியலைப் பாருங்க. 2021-ல மேட்டுப்பாளையம் பக்கத்துல இயற்கை விவசாயம் பண்ண பாப்பம்மாள் பாட்டி. 2025-ல மதுரை வேலு ஆசான், பறைக்கு. அதே வருஷம் புரிசை கண்ணப்ப சம்பந்தன், தெருக்கூத்துக்கு. சாவு வீட்டு மேளம்னு ஒதுக்கி வச்ச பறை, ராஷ்டிரபதி பவன் படி ஏறுச்சு.

2023 பட்டியல்ல ரெண்டு பேரு எனக்கு ரொம்ப முக்கியம். வடிவேல் கோபால், மாசி சடையன். செங்கல்பட்டு பக்கத்து இருளர் அண்ணன்கள். பாம்பு பிடிக்கிறவங்க. 2017-ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாக்காரங்க மலைப்பாம்பு தொல்லை தாங்காம இவங்களைக் கூப்பிட்டாங்க. இவங்க கையில ஒரு கம்பி, மனசுல ஒரு கணக்கு, அவ்வளவுதான். முதல் ஒரு வாரம் சொச்சத்துல 13 மலைப்பாம்பு. இருளர் புடிக்கிற பாம்போட விஷத்துலதான் நம்ம நாட்டு பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் போகுது. அவங்களுக்கு பத்மஸ்ரீ எந்தப் பிரிவுல குடுத்தாங்க தெரியுமா? சமூக சேவை.

சந்தோஷம்தான், குறை சொல்லல. ஆனா ஒரு கேள்வி. தரையில இருக்கிற தடத்தைப் பாத்து பாம்பு எந்தப் பக்கம் போச்சு, எவ்வளவு நேரமாச்சுன்னு சொல்றது சேவையா, அறிவியலா? டிகிரி வாங்குனவன் சொன்னா ஆராய்ச்சி, வாங்காதவன் சொன்னா சேவைன்னு யாரு முடிவு பண்ணது?

இந்தக் கேள்வி எனக்கு புத்தகத்துல வரல. ஒரு ஆன்லைன் படிவத்துல வந்துச்சு. அந்தக் கதையை சொல்லிட்டு முடிச்சுடறேன்.

போன தடவை ஜூலை மாசம், எங்க தாத்தா பேரை அனுப்பிப் பாக்கலாம்னு உக்காந்தேன். விருது கிடைக்கும்னு நெனச்சு இல்ல. ஒரு தடவையாச்சும் செஞ்சு பாக்கணும், இல்லன்னா ஊருக்கு எப்படி சொல்றது? லாகின் பண்ணேன். 'துறை'ன்னு ஒரு பெட்டி. கலை, இலக்கியம் கல்வி, மருத்துவம், அறிவியல் பொறியியல், சமூக சேவை, வணிகம், மற்றவைன்னு வரிசையா இருக்கு. அம்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷனை எதுல போடறது? ஒரு நிமிஷம் யோசிச்சேன். என் விரல் தானா 'மற்றவை' பக்கம் போச்சு. சொந்தப் பேரன், அதுவும் இன்ஜினியர், என் விரலே அங்கதான் போச்சு. அப்புறம் இல்லன்னு 'அறிவியல் பொறியியல்' போட்டேன்.

அடுத்து 800 சொல். எழுத ஆரம்பிச்சேன். 'இவர் ஐம்பது ஆண்டுகளாக கடலுக்குச் சென்றவர். கடலைப் பற்றி நன்கு அறிந்தவர்.' அதுக்கு மேல ஒரு வரி வரல. கடலைப் பத்தி என்ன அறிஞ்சவர்? எனக்குத் தெரியல. இருபது வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கேன், ஒரு நாளும் கேட்டதில்ல.

போனை எடுத்துக்கிட்டு போய் பக்கத்துல உக்காந்தேன். 'தாத்தா, நீரோட்டம் பத்தி சொல்லு, எழுதிக்கிறேன்.' அவர் சிரிச்சாரு. 'எழுதிக்கினு இன்னாடா பண்ணப் போற? நீ கடலுக்கா போப் போற?'

சொல்ல ஆரம்பிச்சாரு. வடக்க இருந்து தெக்க ஓடுனா வன்னி. தெக்க இருந்து வடக்க ஓடுனா தெண்டி. எந்த மாசம் எது ஓடும், ரெண்டும் மாறுற நேரத்துல தண்ணி எப்படி குழம்பும், வாடைக் காத்து அடிக்கும்போது வலையை எந்தப் பக்கம் விடணும், தண்ணி கலங்கலா இருந்தா என்ன, தெளிஞ்சா என்ன. கை ரெண்டையும் போட்டு மாதிரி வச்சுக் காட்டறாரு. நான் ராத்திரி போய் கடலியல் பத்தி தேடிப் படிச்சேன். நம்ம கிழக்குக் கரை ஓரமா ஓடுற நீரோட்டம் வருஷத்துல திசை மாறும், மார்ச் ஏப்ரல்ல வடக்கு நோக்கி, நவம்பர் வாக்குல தெற்கு நோக்கின்னு ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. அதாவது தெண்டி, வன்னி. செயற்கைக்கோள் வச்சு வரைஞ்ச படத்துல இருக்கிறது எங்க தாத்தா கையில இருந்துச்சு. பேரும் இருந்துச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? நான் அனுப்பினேனா? இல்ல. ஜூலை கடைசி வாரம் நம்மளுக்கு ஒரு ட்ரெண்டிங் வேலை வந்துச்சு. எந்த ஹேஷ்டேக்னு கூட இப்ப ஞாபகம் இல்ல. ஒரே நாள்ல நான் மட்டும் 200 பதிவு போட்டிருப்பேன். ஒரு பதிவுக்கு பத்து சொல்லுன்னு வச்சாலும் 2000 சொல். 31-ஆம் தேதி ராத்திரி ஞாபகம் வந்து திறந்து பாத்தேன். தாத்தா சொன்னது பாதி எழுதாம கிடந்துச்சு. தேதி முடிஞ்சது.

சரி, அடுத்த வருஷம்னு விட்டேன். தீபாவளிக்கு முன்னாடி தாத்தாவுக்கு பக்கவாதம். உயிருக்கு ஒண்ணுமில்ல, இதோ அந்த போட்டு நிழல்ல சேர் போட்டு உக்காந்திருக்காரு. ஆனா பேச்சு தெளிவா வரல. என்கிட்ட இருக்கிறது மூணு ரெக்கார்டிங். மொத்தம் 41 நிமிஷம். அம்பது வருஷத்துக்கு 41 நிமிஷம்.

இதுக்கு நான் எந்த அரசாங்கத்தையும் குறை சொல்ல முடியாது. எந்தக் கட்சியையும் சொல்ல முடியாது. கதவு திறந்திருந்துச்சு. நான்தான் போகல.

அதனால சொந்தங்களே, இந்த வருஷம் நம்ம அணிக்கு ஒரு வேலை. யாரும் மேல இருந்து உத்தரவு போடல, நாமளே எடுத்துக்கிற வேலை.

1. ஒவ்வொரு வட்டத்துலயும் ஒருத்தரைத் தேடுங்க. மீனவர், கூத்துக்காரர், மருத்துவச்சி, விதை காத்தவர், தோல் கருவி செய்றவர், அரசுப் பள்ளியில சத்தமில்லாம வேலை பாத்த அறிவியல் டீச்சர். கட்சிக்காரரா இருக்கணும்னு இல்ல. எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடறவரா இருந்தாலும் பரவால்ல.

2. முதல்ல அவங்க கிட்ட சம்மதம் கேளுங்க. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, அது அவங்க உரிமை. சரின்னா குறைஞ்சது மூணு தடவை போய் உக்காந்து கேளுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அவங்க சொல்ற சொல்லை அப்படியே எழுதுங்க. வன்னியை 'வடகிழக்கு நீரோட்டம்'னு மாத்தாதீங்க.

3. 800 சொல்லுல 'தன்னலமற்ற', 'ஒப்பற்ற', 'தியாகச் செம்மல்' எதுவும் வேணாம். அது நம்ம போஸ்டர் பாஷை. என்ன செஞ்சாரு, எத்தனை வருஷம், யாருக்கு அதால என்ன ஆச்சு, யாரு கத்துக்கிட்டாங்க, இதை மட்டும் எழுதுங்க.

4. அந்த 800 சொல்லுல நம்ம கட்சிப் பேரு ஒரு இடத்துலயும் வரக் கூடாது. தலைவர் பேரும் வரக் கூடாது. கிடைச்சா அது அவங்களுக்குக் கிடைச்சது. நாம கார்டு போட்டுக்கலாம், அதுலயும் இந்தத் தடவை அவங்க படம் பெருசா இருக்கட்டும்.

5. 'துறை'ன்னு கேக்கிற இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. விரல் 'மற்றவை' பக்கம் போச்சுன்னா, ஏன் போச்சுன்னு உங்களையே கேளுங்க.

கிடைக்கலன்னா? பெரும்பாலும் கிடைக்காதுதான். 120 இடம், இவ்வளவு பெரிய நாடு. கிடைச்சாலும் பணம் இல்ல, ரயில் சலுகை இல்ல. ஒரு சான்றிதழ், ஒரு பதக்கம். ஆனா அந்த 800 சொல் நம்ம கையில இருக்கும். மூணு ரெக்கார்டிங் இருக்கும். நாளைக்கு இந்தக் கரையில ஏதோ ஒரு திட்டம்னு வரைபடத்தை விரிச்சு, 'இங்க காலி மணல்தானே இருக்கு'ன்னு யாராவது கேட்டா, இங்க என்ன இருந்துச்சு, யாருக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு காட்ட நம்மகிட்ட எழுத்து இருக்கும். கட்சிங்கிறது எலெக்‌ஷன் அன்னிக்கு பூத்துல உக்காரறது மட்டும் இல்லல்ல?

நான் தாத்தாவோட 41 நிமிஷத்தை எழுத ஆரம்பிச்சுட்டேன். புரியாத இடத்துல அவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு சொல்லா கேக்கிறேன். சரின்னா தலையை ஆட்டறாரு. தப்புன்னா கையால தட்டறாரு. நேத்து வரைக்கும் 340 சொல் ஆச்சு. மிச்சத்துக்கு, கூடப் போட்டு ஏறுன பெரியவங்க இங்க அஞ்சாறு பேர் இருக்கீங்க. கூட்டம் முடிஞ்சதும் ஓடிடாதீங்க, உங்ககிட்ட எனக்கு வேலை இருக்கு.



(உங்க ஊர்ல, உங்க தெருவுல அப்படி ஒருத்தர் இருக்காங்களா? அவங்க சம்மதத்தோட, அவங்களுக்கு என்ன தெரியும்னு கமெண்ட்ல நாலு வரி எழுதுங்க. போன் நம்பர், முகவரி போடாதீங்க. எழுத உதவி வேணும்னா நம்ம அணித் தம்பிகள், தங்கைகள் வந்து உக்காருவாங்க. பகிருங்க சொந்தங்களே.)

#ஊரூர்ஒல்காட்குப்பம் #பத்மவிருதுகள் #800சொல்